உலகம்மாளின் பொடிசுகள்

ஆலடிக்குளத்தில் மைக் செட் நயினாரைத் தெரியாத ஆளே கிடையாது; பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற அன்றைக்கே அவருடைய குழாய்ச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது முதன்முதலாகத் திடுக்கிட்டு அழுதிருக்கும், பிறகு காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் வளைகாப்புக்கும் அதே குழாயைக் கேட்டுக் கேட்டு வளர்ந்து, நரைத்து, கடைசியில் அதே குழாய் வாசலில் பாடிக்கொண்டிருக்கத்தான் தெருவைவிட்டுப் போகும். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாய்த்த மனைவி உலகம்மாளோ, பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் என்ன சொல்கிறாள் என்று புரிகிற அளவுக்கு மெதுவாகப் பேசுகிறவள். ஊருக்கெல்லாம் குழாய் கட்டுகிறவர் வீட்டுக்குள்ளும் ஒன்று கட்டினால் என்ன என்று நாங்கள் கேலி செய்வோம், நயினாரும் சிரித்துக்கொள்வார், ஏனென்றால் நாள் முழுக்கச் சத்தத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு அந்த மெதுவான பேச்சுதான் வீட்டுச் சாப்பாடு.

அந்த உலகம்மாளுக்கு ஈரலுக்குப் பின்னால், கத்தி போய்ச் சேர முடியாத ஓர் இடுக்கில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹமீதா என்று ஒரு அம்மாள், நயினாரையும் உலகம்மாளையும் எதிரே உட்காரவைத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதற்குள் கண்மையைத் தண்ணீரில் கரைத்ததுபோல ஏதோ கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு இயந்திரம், தலைமுடியின் அகலத்தில் பல நூறை வரிசையாக நிறுத்தலாம், முதுகில் மருந்தைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் நீந்திப் போகும், வெளியே இருந்து காந்த வளையத்தால் வழிகாட்டினால் கட்டி இருக்கும் இடத்துக்கே போய்ச் சுமையை இறக்கும், போகிற வழியில் எங்கே சூடு, எங்கே புளிப்பு, எங்கே வீக்கம் என்று மோப்பம் பிடித்துத் திரையில் சொல்லும், உங்கள் ரத்தத்திலேயே ஊறவைத்து உங்களுக்கென்றே செய்தவை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேலை செய்யும், அதனால் உடம்பிலேயே இருக்கட்டும், நீங்கள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டுச் சொல்கிறபோது வாருங்கள் என்றார். காந்தம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, அது ஒன்றுதான் பத்தியம் என்று இரண்டு முறை சொன்னார். போகிறபோக்கில் நயினாரைப் பார்த்து என்ன தொழில் என்று கேட்டார். "விசேஷ வீடுகளுக்குப் போறதும்மா" என்று நயினார் எல்லோரிடமும் சொல்வதையே சொல்ல, டாக்டரம்மாள் அவரைச் சமையல்காரர் என்று நினைத்துக்கொண்டு, வீட்டில் எண்ணெயைக் குறைக்கச் சொல்லி அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நயினார் காந்த வேட்டையில் இறங்கினார். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த பிள்ளையார் பொம்மை போயிற்று, பீரோக் கதவின் பூட்டுப்பட்டை போயிற்று, ரத்தக் கொதிப்புக்கென்று யாரோ விற்றுவிட்டுப் போன காந்தக் காப்பு போயிற்று, கைப்பேசி முற்றத்துக் கொடியில் மஞ்சள் பையில் தொங்கியது, மிக்ஸி பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிற்று. எல்லாம் செய்தார் மனிதர். ஆனால் உலகம்மாளின் கட்டில் சாய்ந்திருந்த ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம், அவருடைய வாழ்நாள் சம்பாத்தியமான ஸ்பீக்கர் பெட்டிகளும் குழாய்களும், ஒவ்வொரு குழாயின் பின்னாலும் திருகுகிற யூனிட்டும், ஒவ்வொரு யூனிட்டின் வயிற்றுக்குள்ளும் தோசைக்கல் கனத்தில் ஒரு காந்தமுமாகக் குடோன் நிறைய அடுக்கியிருந்தது அவர் நினைவுக்கே வரவில்லை. அவற்றைக் கழற்றி, துடைத்து, சுருள் மாற்றி, மறுபடி மாட்டியவர் அவர்தான். ஆனால் அவருக்கு அது காந்தம் இல்லை, குரல். இப்படி ஒரு தப்பை மைக் செட்காரர் ஒருவரால்தான் செய்ய முடியும், வேறு யாராக இருந்தாலும் முதலில் அந்தச் சுவரைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஒரு விடியற்காலையில் உலகம்மாள் கண் விழித்தபோது அவளுடைய இடது கைச் சுண்டுவிரல் நுனியிலிருந்து, எறும்பு சாரை போவதைப்போல, மை நிறத்தில் ஒரு கோடு கிளம்பிக் கட்டில் சட்டத்தில் இறங்கி, சுவரில் ஏறி, சுண்ணாம்புக் காரை பெயர்ந்திருந்த பொத்தல் வழியாகக் குடோனுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ராத்திரியெல்லாம் உள்ளே வேலை பார்த்தவை, பகலில் காற்று வாங்கப் போகின்றன என்று முடிவு செய்துகொண்டாள். ஆஸ்பத்திரி என்றால் டூட்டி மாற்றிவிடுவதுதானே வழக்கம். போய்விட்டு வாருங்கள் என்று மெதுவாகச் சொன்னாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவை அதே வழியாகத் திரும்பி வந்து விரல் நுனியில் ஏறிக்கொண்டன. மறுநாளும் போயின, வந்தன. ஒருநாள் நேரம் கழித்து வந்தபோது, பொழுதடைந்த பிறகு ஊர் சுற்றுவது என்ன பழக்கம் என்று அவள் கண்டித்ததைப் பால் கொடுக்க வந்த பட்டுக்கனி காதால் கேட்டு, யாரைத் திட்டுகிறாய் என்று விசாரிக்க, இந்தப் பொடிசுகளைத்தான் என்று உலகம்மாள் கையைக் காட்டினாள். அன்றிலிருந்து அவற்றுக்குப் பொடிசுகள் என்றே பேர் விழுந்துவிட்டது.

பிறகுதான் தையற்கடைச் சண்முகவேல் வீட்டுக் காதுகுத்து வந்தது. காலையிலேயே குழாய் கட்ட வேண்டும் என்று நயினார் யூனிட்டுகளை எடுத்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனபோது, அவற்றின் பின்புறம் பூசியிருந்த கருமையை மசி என்று நினைத்துத் துடைக்கக்கூட நேரமில்லை. பந்தலில் முதல் பாட்டுப் போட்டதும் யூனிட்டு அதிர, அதில் சவாரி வந்த பொடிசுகள் பாட்டோடு பாட்டாகக் கூட்டத்தில் இறங்கிவிட்டன. உலகம்மாளின் ரத்தத்துக்கென்று செய்தவை அடுத்தவர் உடம்புக்குள் போகலாமா என்று கேட்டால், எங்கள் ஊரில் யாருக்கு யார் சொந்தமில்லை. மாமன் மகள், அத்தை மகன் என்று பல தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக் கலந்து கிடக்கிற ரத்தத்தில் எது யாருடையது என்று நமக்கே தெரியாதபோது அந்தப் பொடிசுகளுக்கு என்ன தெரியும். அன்று விளக்கு வைத்தபோது பாதிகூடத் திரும்பவில்லை.

மறுநாள் குளிக்கும்போது கோயில் தர்மகர்த்தா கோமதிநாயகம் தம் வலது முழங்காலில் திருஷ்டிப் பொட்டுபோல ஒரு கருமையைப் பார்த்தார். தேய்த்தார், போகவில்லை. ஆனால் வருஷக்கணக்கில் மடங்காத கால் மடங்கியது, படி ஏறியது, அவர் வேண்டுமென்றே இரண்டு தெரு சுற்றி டீக்கடைக்கு நடந்து வந்தார். பட்டுக்கனியின் புருஷன் கண்டக்டர் செல்லையாவுக்கு மார்பின் நடுவில் பொட்டு வந்தது. ஒரு வலியும் இல்லாத மனிதரை, பொட்டு வந்த இடம் சரியில்லை என்று பட்டுக்கனி தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பஸ்ஸிலேயே விசில் வாயில் இருக்க விழுந்திருப்பார் என்று அங்கே சொன்னார்கள். அதற்குப் பிறகு ஊரில் எல்லோரும் தத்தம் உடம்பைத் தேட ஆரம்பித்தோம்.

பொட்டு விழுந்த இடத்தில் கோளாறு, கோளாறு உள்ள இடத்தில் பொட்டு என்பது சில வாரங்களில் எங்களுக்குத் திதி, நட்சத்திரம் மாதிரி சாதாரணக் கணக்காகிவிட்டது. உலகம்மாளுக்குப் போக மிச்சம்தான் வெளியே வருகிறது என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ், வந்தவர்களிடம் என்ன செய்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு, தகுந்த இடத்துக்குச் சீட்டு எழுதினாள். காலையில் போர்வையை உதறுவது நின்றுபோனது, எங்கேயாவது உட்கார்ந்திருந்து விழுந்துவிடுமே என்றுதான். அரிவாள்மணையையும் கடப்பாரையையும் துணி சுற்றி வைத்தார்கள், போகிற வழியில் மயங்கி அதில் ஒட்டிக்கொள்ளக் கூடாதே. குறி சொல்கிற கோடாங்கி பொடிசுகளுக்குப் பொங்கல் வைக்கச் சொன்னார். கீழத்தெருப் பாஸ்டர் பொங்கல் வேண்டாம், ஆனால் ஜெபம் பண்ணலாம் என்றார். சக்கரைக்கு மாத்திரை விழுங்குகிறவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தார்கள். பொட்டு வராதவர்கள் பாடுதான் திண்டாட்டம். சண்முகவேலுக்கு, தன் வீட்டுக் காதுகுத்தில் ஊரெல்லாம் வாங்கிக்கொண்டுபோனது தனக்கு மட்டும் இல்லையே என்று மனம் ஆறவில்லை. உனக்கு ஒரு நோயும் இல்லை, சந்தோஷப்படு என்று சொன்னால் கோபம் வந்தது. கடைசியில் துணியில் குறி போடுகிற மையைத் தொட்டுத் தொப்புளுக்குப் பக்கத்தில் தானே ஒன்று வைத்துக்கொண்டான். நாங்கள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொண்டோம்.

எல்லாப் பொட்டிலும் ஊர் அதிகமாகப் பேசியது வடிவின் பிள்ளையைப் பற்றித்தான். வடிவு நயினார் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண். பிள்ளை பிறக்கும்போதே இருதயத்தில் ஓட்டை; அழுதால் உதடு நாவற்பழம் தின்றதுபோல நீலமாகிவிடும், பெரிதானால்தான் அறுக்க முடியும், அதுவரை அழவிடாதீர்கள் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அழாமல் பிள்ளை வளர்ப்பதாவது என்று வடிவுதான் யாருக்கும் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். ஒரு வளைகாப்பில் குழாய்க்கு நேர் கீழே அவள் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் இடது மார்பில் கடுகளவு ஒரு பொட்டு. அன்று சாயங்காலம் பிள்ளை தெருவே திரும்பிப் பார்க்கிறமாதிரி அழுதது, உதடு சிவப்பாகவே இருந்தது. வடிவு அதை நிறுத்தவே பார்க்கவில்லை, வாசலில் நின்று அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படி ஊரெல்லாம் நன்றாக இருந்தபோது உலகம்மாள் மெலிந்துகொண்டிருந்தாள். சுவரில் போகிற கோடு மெலிந்தது, வருகிற கோடு அதைவிட மெலிந்தது. நயினாரைக் கூப்பிடாத விசேஷமே இல்லை, அவரும் தம் குழாய்க்கு வந்த ராசி என்று மகிழ்ந்துபோய் விழுந்து விழுந்து கட்டினார். வீட்டில் பெண்டாட்டி இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடாததை மருந்தின் சூடு என்று நினைத்தார். ஆஸ்பத்திரியில் சொன்ன நாள் வந்தது. டாக்டர் ஹமீதா திரையைப் பார்த்தார், வளையத்தைத் திருப்பினார், மறுபடி பார்த்தார். குப்பி நிறைய இருந்தவற்றில் விளக்கு மசி அளவுக்குத்தான் உள்ளே மிச்சம் இருந்தது. கட்டி எலுமிச்சங்காயிலிருந்து சாத்துக்குடி ஆகியிருந்தது. மற்றவை எங்கே என்று கேட்டார். "வெளிய போயிருக்கு டாக்டரம்மா" என்றாள் உலகம்மாள். டாக்டர் அப்போதுதான் நயினாரிடம், விசேஷ வீட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று சரியாகக் கேட்டார். நயினார் மைக் செட் என்றார், சொல்லி முடிக்கும் முன்பே அந்தச் சுவர் அவர் கண்ணுக்குள் வந்துவிட்டது, கேட்கிற டாக்டரைவிட முதலில் அவருக்குத்தான் முகம் செத்துப்போனது. புதிதாகச் செய்ய முடியாதா என்று கேட்டார். முடியும், அடுத்த வருஷம் ஆகிவிடும், கட்டி அதுவரைக்கும் காத்திருக்காது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இந்த மாதத்துக்குள் பழையவை திரும்பினால்தான் உண்டு.

ஊருக்கு வந்த நயினார் முதல் வேலையாக உலகம்மாளின் கட்டிலைக் குடோன் சுவரைவிட்டுத் தெருவோர அறைக்கு மாற்றினார், ஆனால் யார் வீட்டுப் படியும் ஏறவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வாய் அவருக்கு இல்லை, அதிலும் கொடுத்தது அவர் இல்லையே, அவள். ஆனால் உச்சினிமாகாளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தக்கால் நாட்ட நாள் குறிக்கிற கூட்டத்தில் எழுந்து, இந்த வருஷம் என்னால் செட் போட முடியாது என்று சொல்லித்தானே ஆகவேண்டும். சொன்னார். ஏன் என்று கேட்டார்கள், ஏன் என்பதையும் சொன்னார். கூட்டத்தில் எல்லோருடைய கையும் அவரவர் பொட்டின் மேல் தானாகப் போய் உட்கார்ந்தது.

முதலில் வாய் திறந்தது ஒரு இளவட்டம். அண்ணாச்சி போடாவிட்டால் பரவாயில்லை, பக்கத்து ஊரிலிருந்து ஆள் உயரப் பெட்டியாகவே இறக்கிவிடலாம் என்றான். நயினார் தலையைக் குனிந்துகொண்டே, அந்தப் பெட்டிகளின் காந்தம் ஆட்டுக்கல் தண்டிக்கு இருக்கும், உள்ளே மிச்சமிருப்பதையும் உறிஞ்சிவிடும் என்றார். குழாய்ச் சத்தம் இல்லாமல் ஒரு கொடையா, அம்மனுக்குக் கேட்க வேண்டாமா என்று இன்னொருவர் முணுமுணுத்தார். நாங்கள் என்ன திருடியா எடுத்தோம், தானாக வந்து உட்கார்ந்ததுதானே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது நியாயம்தான், நியாயமாக இருந்ததால்தான் எல்லோருக்கும் வெட்கமாக இருந்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பட்டுக்கனி எழுந்தாள்.

"குழாய் வாரதுக்கு முன்னாடி அம்மன் என்ன செவிடாவா இருந்தா?" என்றாள். "எங்க வீட்டு மனுசன் இன்னைக்கு முழுசா உக்காந்திருக்காருன்னா அது உலகு மைனி உடம்புல இருந்து வந்தது. அவரு திருப்பிக் குடுப்பாரு. மத்தவங்க உங்க உங்க மனசாட்சியக் கேட்டுக்கிடுங்க."

செல்லையா டிக்கெட் வாங்கிய பயணிபோலத் தலையாட்டினார். கோமதிநாயகம் தம் முழங்காலை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார், அந்தக் கால் அவருக்கு எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும், ஒருநாள் அவர் ஆள் இல்லாத தெருவில் சின்னப்பிள்ளை மாதிரி ஒற்றைக்காலில் தாண்டியதைப் பார்த்தவர்கள் உண்டு. கடைசியில் எழுந்து, உச்சிவேளைப் பூசையான மதியக்கொடைக்கு ஊரில் ஒரு காந்தம் இருக்கக் கூடாது, ஒன்றைத் தவிர என்று தீர்ப்புச் சொன்னார்.

கால்நாட்டிவிட்டால் ஊரில் பிறந்தவர் யாரும் வெளியூரில் போய்த் தங்கக் கூடாது என்பது எங்கள் கட்டுப்பாடு, வெளியே பிழைக்கப் போனவர்களும் அதற்கு முன்னாடி வந்து சேர்ந்துவிட வேண்டும். அதனால் எங்கெங்கோ வேலைக்குப் போன பொட்டுகளும் கொடைக்கு ஊர் வந்து சேர்ந்துவிட்டன. கொடையன்று காலையில் நயினாரின் குடோன் முழுவதும் டிராக்டரில் ஏறிக் குளத்துக்கு அப்பால் போனது. பின்னாலேயே மின்விசிறிகள், மிக்ஸிகள், தொலைக்காட்சிப் பெட்டிகள், வண்ணான் துறைப் பக்கத்து மோட்டார்கள், பித்தளை அண்டாக்கள் நிறையக் கைப்பேசிகள் என்று சீர்வரிசைபோல ஒரு ஊர்வலமே போயிற்று. ஊர் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்னால் கேட்டதில்லை. வேப்பமரத்துக் காக்கை சிறகு மடக்குகிற சத்தம் கோயில் வாசலில் கேட்டது, புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வதும் கேட்டது, அதனால் எல்லோரும் ரகசியம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

பந்தலில் அம்மனுக்கு நேரே கட்டில் போட்டு உலகம்மாளைப் படுக்கவைத்தார்கள். டாக்டர் ஹமீதாவும் வந்திருந்தார்; நயினார் கொடை நோட்டீஸைக் கையில் கொடுத்துக் கூப்பிட்டபோது, இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமாக எனக்குத் தெரியவில்லை, ஆனால் வெளியே போனதே நடக்கக்கூடிய காரியம் இல்லையே என்று சொல்லிவிட்டு வந்தவர், விலாவுக்குக் கீழே சரியான இடத்தில் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். நயினார் தம்மிடம் இருந்ததிலேயே பழைய யூனிட்டை, அவர் முதன்முதலாக வாங்கியதை, ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி அந்த வட்டத்தின் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டார். உச்சிவேளைக்குப் பூசாரி தீபம் காட்ட, பெண்கள் குலவை போட்டார்கள். குழாயில் போட்டுக் கேட்ட குலவையைவிட அது சின்னதாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு தொண்டையும் தனித்தனியாக யாருடையது என்று தெரிந்தது.

ஊர் வரிசையில் நின்றது. முதலில் செல்லையா போய் உலகம்மாளின் உள்ளங்கையை எடுத்துத் தம் மார்பில் வைத்துக்கொண்டார். பொட்டு கலைந்து, எறும்பு சாரையாகி, அவள் மணிக்கட்டில் ஏறி உள்ளே போயிற்று. அடுத்தது கோமதிநாயகம். நடந்து வந்தார், நொண்டிக்கொண்டு போனார், ஆனால் மாப்பிள்ளை அழைப்பில் போகிறவர் மாதிரி நிமிர்ந்து நொண்டினார். மூச்சிரைப்பு போனவர்கள் மூச்சிரைப்பை வாங்கிக்கொண்டார்கள், இடுப்பு நிமிர்ந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள், பெருமூச்சும் முனகலுமாகப் பந்தலின் ஒரு பக்கம் நிறைய, மறுபக்கம் உலகம்மாளின் முகத்தில் ரத்தம் ஏறிக்கொண்டு வந்தது. சண்முகவேலும் வரிசையில் வந்தான். சட்டையைத் தூக்கி மைப்பொட்டைக் காட்டிவிட்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். உலகம்மாள் கட்டைவிரலால் அதை நன்றாக அழித்து எடுத்துவிட்டு, "வந்துட்டுப்பா, ரொம்ப நன்றி" என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான், நாங்களும்தான்.

கடைசியாக வடிவு வந்தாள். வரச்சொல்லி யாரும் அவளைக் கூப்பிடவில்லை, வராதே என்று சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை. பிள்ளையைத் தோளோடு அணைத்துக்கொண்டு கட்டிலுக்குச் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டாள். அடுத்த அடி வைக்க அவள் கால் ஒப்பவில்லை, திரும்பிப் போகவும் ஒப்பவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பிள்ளையை இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தத் தூரத்துக்கே பிள்ளையின் மார்பில் இருந்த கடுகு யூனிட்டின் பக்கமாக நகரத் தொடங்கிவிட்டது, உதட்டோரம் நீலம் பூத்தது.

உலகம்மாள் நீட்டியிருந்த கையை மூடிக்கொண்டாள். "யூனிட்ட எடுங்க" என்று நயினாரிடம் சொன்னாள்.

நயினார் எடுக்கவில்லை. அவர் கை துண்டோடு சேர்ந்து இறுகியது. டாக்டரைப் பார்த்தார். அந்தக் கொஞ்சமும் வேண்டியிருக்குமா என்று அவர் கண் கேட்டது, வேண்டியிருக்கலாம், என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நயினார் குனிந்து, ஊருக்கெல்லாம் குழாய் கட்டிய மனிதர், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். ஆனால் அன்றைக்கு ஊரில் ஒரு சத்தமும் இல்லாததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஏட்டி, நீ இல்லாம எனக்கு முடியாது. அது கொஞ்சம்தான, வாங்கிக்க."

"கொஞ்சம்தான. அப்ப அங்கயே கெடக்கட்டும்" என்றாள் உலகம்மாள். "ஊரு பூரா தந்துட்டு. இந்தப் பச்சப் பிள்ளகிட்டயும் வாங்கித்தான் நான் இருக்கணுமா? எடுங்க, பிள்ள உதட்டப் பாருங்க."

நயினார் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். பிறகு யூனிட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வடிவு நிற்கும் திசைக்கு முதுகைக் காட்டியபடி, பந்தலைவிட்டு வேப்பமரத்தைத் தாண்டி, கோயில் மைதானத்தைத் தாண்டி நடந்தார். யூனிட் போன பக்கமாக உலகம்மாளுக்குள் இருப்பவையும் கிளம்பிவிடுமோ என்று திரும்பிப் பார்க்க அவருக்குப் பயம். ஆனால் பட்டுக்கனி அவள் சுண்டுவிரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் ஒன்றும் வெளியே வரவில்லை. பிள்ளையின் கடுகு பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது, பிள்ளை ஊர் முழுக்கக் கேட்க வீறிட்டு அழுதது, உதடு சிவந்திருந்தது. யாரோ ஒருத்தி குலவையைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

உலகம்மாள் பிழைத்துக்கொண்டாள். டாக்டர் ஹமீதா காந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பொடிசுகளை மேய்த்தார், சாத்துக்குடி எலுமிச்சையாகி, எலுமிச்சை நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் சுண்டைக்காய் ஆனது, அங்கேயே நின்றுவிட்டது. பொடிசுகளில் ஆள் குறைகிறது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமே என்று உலகம்மாள் சிரித்தாள். சுண்டைக்காய் இன்றுவரை வளரவும் இல்லை, போகவும் இல்லை, வருஷத்துக்கு ஒருதரம் போய் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நயினாரின் குடோன் குளத்துக்கு அப்பாலேயே இருந்துவிட்டது. கோமதிநாயகத்தின் முழங்காலை ஆஸ்பத்திரியில் அறுத்துச் சரிசெய்தார்கள், பழையபடி வராது, ஒற்றைக்காலில் தாண்ட முடியாது. மதியக்கொடைக்குக் குழாய் கட்டுவதில்லை என்பது வழக்கமாகிவிட்டது. ஏன் என்று தெரியாத மருமக்கள்மார் கேட்டால், அம்மனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொல்லிவிடுகிறோம்.

வடிவின் பிள்ளை ஓடி விளையாடுகிற வயதுக்கு வந்துவிட்டாள். யார் கூப்பிட்டாலும் போகாத ராங்கிக்காரி. சொந்தத் தாத்தாவிடமே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் எதிர்வீட்டு வாசலில் உலகம்மாளைக் கண்டுவிட்டால் தாய் இடுப்பிலிருந்து அப்படியே தாவி அவள் விலாவோடு நெஞ்சு பொருந்த ஒட்டிக்கொள்கிறாள், உலகம்மாளும் ஒரு அடி முன்னால் இழுபட்டுத்தான் நிற்கிறாள். சாப்பிடக் கொண்டுபோக வேண்டும் என்றால் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தால்தான் பிரிகிறாள். நாங்கள் யாரும் அவசரப்பட்டு இழுப்பதில்லை.